தணிகைமணி எடுத்த மாமன் சீர்

திருத்தணியில் தணிகைமணியின் கேமரா இல்லாமல் ஒரு காலத்தில் தாலியே ஏறாது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ரொம்ப மிகை இல்லை. மலைமேல் முகூர்த்தம், கீழே மண்டபத்தில் சாப்பாடு என்று ஊரே ஏறி இறங்குகிற நாட்களில் தோளில் ஒரு பையோடு, விளக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடிவரும் ஆளைத் திட்டிக்கொண்டே, அவன் எங்கே திரும்பினாலும் நிற்பான். பள்ளிப்பட்டிலிருந்து அரக்கோணம் வரை எத்தனையோ வீட்டு பீரோக்களில், பட்டுப்புடவைக்கு அடியில், அவன் எடுத்த கேசட்டும் சிடியும் இன்னும் கிடக்கின்றன. போட்டுப் பார்க்கத்தான் யார் வீட்டிலும் மெஷின் இல்லை.

அவன் வீடியோவில் யாரும் அழமாட்டார்கள். அதுதான் அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. கல்யாண வீட்டில் அழுகை இல்லாமல் இருக்குமா? சம்பந்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பந்தியிலிருந்து எழுந்து போவார். பெண்ணின் அப்பா சமையல்கட்டுப் பக்கம் ஒதுங்கி மூக்கைச் சிந்துவார். எல்லாம் கேமராவில் விழும். ஆனால் மிக்சிங்கில் தணிகைமணி உட்கார்ந்தால் ஒன்றும் மிஞ்சாது. ஆடினது, இருட்டடித்தது, அழுதது எல்லாவற்றையும் வெட்டி வீசிவிட்டு மேலே நாதஸ்வரத்தை ஓடவிட்டுவிடுவான். "பின்னாடி என்னிக்கோ போட்டுப் பாக்கறாங்க. அன்னிக்கு சண்ட போட்டத எதுக்குப் பாக்கணும்?" என்பான். எல்லாருக்கும் நியாயமாகத்தான் பட்டது.

பிறகு சென்னையிலிருந்து டீம் டீமாகப் பையன்கள் வந்து இறங்கினார்கள். தலைக்கு மேலே ட்ரோன் பறந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் கல்யாணத்துக்கு முன்னாலேயே வயல்வெளியில் ஓடினார்கள். தணிகைமணிக்கு அதெல்லாம் வரவில்லை. கொரோனா வந்து மிச்சமிருந்ததையும் துடைத்துக்கொண்டு போயிற்று. கடையைக் காலி செய்துவிட்டுக் கொஞ்ச நாள் சும்மா இருந்தான். அவன் மனைவி அம்சா வீட்டில் பிளவுஸ் தைத்து அடுப்பை எரியவிட்டாள். தெரிந்தவர் ஒருவர் சொல்லி ஊருக்குள் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொள்கிற தற்காலிக வேலை கிடைத்தது. கூப்பிடுவதற்குத்தான் 'சார்'. பிரின்டரில் பேப்பர் சிக்கினாலும் அவன்தான், மின்விசிறி நின்றாலும் அவன்தான்.

அப்படி இருந்தவனுக்கு ஒருநாள் தலைமையாசிரியர் சடகோபன் கூப்பிட்டு அனுப்பினார். பிள்ளைகளே வீடியோ எடுக்க வேண்டுமாம், மேலே இருந்து சொல்லியிருக்கிறார்களாம். "எங்கள் ஊர், எங்கள் வழக்கம்" என்பது தலைப்பு. நல்லதாக ஒன்றைப் போட்டிக்கு அனுப்ப வேண்டும். "மணி, இதுக்கு உங்கள விட்டா இங்க யாருக்கு என்ன தெரியும்?" என்றார் சடகோபன். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டு எத்தனை வருஷம் ஆகியிருந்தது. அன்றைக்கு அவன் வீட்டுக்கு நடந்து போகவில்லை, பறந்துதான் போனான்.

நன்றாகவே சொல்லிக்கொடுத்தான். அதைக் குறை சொல்லக் கூடாது. பள்ளிக்கு இருந்தது ஒரே போன். அதை ஒவ்வொரு பிள்ளை கையிலும் கொடுத்து, மூச்சை அடக்கு, முழங்கையை விலாவோடு ஒட்டு, வெளிச்சம் உன் முதுகுப் பக்கம் இருக்கட்டும் என்று பொறுமையாகச் சொன்னான். வெட்டுவதைச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் பழைய தணிகைமணி வெளியே வந்தான். "ஆடினது வேணாம். இருட்டு வேணாம். அழுவுறது வேணவே வேணாம். பாக்கறவன் மனசு குளிரணும்." ஒரு குரூப் முடித்ததும் போனில் இருப்பதையெல்லாம் அழித்துவிட வேண்டும், அடுத்த குரூப்புக்கு இடம் வேண்டுமே. பிள்ளைகள் தலையாட்டினார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் மோகனப்ரியா என்று ஒரு பெண். அப்பா பங்காரு வீட்டிலேயே பவர்லூம் ஓட்டுகிறவர். வீட்டுக்குள் தெலுங்கு, வாசல் தாண்டினால் தமிழ். தறிச் சத்தத்தில் வளர்ந்ததாலோ என்னவோ, அந்தப் பெண் பேசுவது குறைவு. ஆனால் போனைக் கையில் கொடுத்தால் கல்லில் ஊன்றி வைத்தது மாதிரி நிற்கும். படிக்கட்டு ஏறிக்கொண்டே எடுத்தாலும் ஆடாது. தனக்கே அது வர எத்தனை வருஷம் ஆயிற்று என்று தணிகைமணி நினைத்துப் பார்த்தான். இந்தப் பெண்ணை இதிலேயே படிக்கவைக்க வேண்டும், சென்னையில் இதற்கென்று காலேஜ் இருக்கிறது என்று அம்சாவிடம் சொன்னான். அந்தப் பெண்ணிடமும் சொன்னான். அவள் அன்றைக்குத்தான் முகம் மலர்ந்து பார்த்தாள்.

அவள் குரூப்பில் கதிரவனும் சினேகாவும் இருந்தார்கள். என்ன எடுக்கப்போகிறீர்கள் என்று கேட்டதற்கு மோகனப்ரியாதான் முன்னால் வந்தாள்.

"எங்க வீட்ல ஞாயித்துக்கெழம விசேஷம் சார். மாமன் சீர் வருது. அத எடுக்கலாமா?"

"ஆங், எடுக்கலாமே. ஊர் வழக்கம்தானே."

"நீங்களும் வரணும் சார்."

"நான் எதுக்குமா? அதான் எல்லாம் சொல்லிக் குடுத்தாச்சே."

"இல்ல சார். நீங்க வந்து பாக்கணும்."

என்ன விசேஷம் என்று அவன் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இந்தப் பக்கத்தில் அந்த வயதுப் பெண் ஒருத்தி வீட்டில் விசேஷம், மாமன் சீர் வருகிறது என்று சொன்னால், ஆண் வாத்தியார் மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கமாட்டார். தலையைக் குனிந்துகொண்டு "சரிம்மா" என்பார். மஞ்சள் நீராட்டு என்று அவராகவே புரிந்துகொள்வார். வயதுக்கு வந்த விசேஷத்தைப் பற்றிப் பெண்பிள்ளையிடம் நின்று விசாரிப்பதா? அது மரியாதை ஆகுமா? அந்த மரியாதை நாசமாய்ப் போக.

ஞாயிற்றுக்கிழமை தறிகள் நின்றிருந்தன. வாசலில் சாமியானா. சீர்த் தட்டுகள் வரிசையாக வந்தன: பழம், பூ, புடவை, வளையல், ஒரு தட்டில் சாக்லேட்டைக் கோபுரமாக அடுக்கியிருந்தார்கள். முன்னால் வந்தது தாய்மாமன் விஷ்ணு. எல்லை தாண்டி ஆந்திராவில் இருக்கிற நகரியில் இரண்டு தறி வைத்திருக்கிறவன், மீசை முளைத்து வெகுகாலம் ஆனவன். மாமன்தானே மாலை போட வேண்டும், போட்டான். மாமன் கொண்டுவந்த புடவையைத்தான் பெண் கட்ட வேண்டும், கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அதுவரைக்கும் தணிகைமணிக்கு ஒரு சந்தேகமும் இல்லை. பள்ளிப் பெண்ணுக்கு இவ்வளவு பெரிய புடவையா என்றுதான் தோன்றியது.

கதிரவன் கை ஆடியது. கூட்டத்தைக் கண்டதும் பையன் வெலவெலத்துப்போனான். "இங்க குடுடா" என்று தணிகைமணி போனை வாங்கினான். அதோடு அவன் வாத்தியார் இல்லை, பழைய வீடியோக்காரன். விளக்கு இல்லாத குறைக்கு ஜன்னலைத் திறந்துவிட்டான். மறைத்துக்கொண்டு நின்ற பெண்களை நகர்த்தினான். மோகனப்ரியா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தலைய கொஞ்சம் தூக்கும்மா. அப்படித்தான். இங்க என்னப் பாரு. லேசா சிரி. இன்னும் கொஞ்சம்."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, சார் சொல்கிறாரே என்று சிரித்தாள். ஜன்னல் வெளிச்சம் கன்னத்தில் விழுந்தது. அவன் தொழிலில் எடுத்ததிலேயே இப்படி ஒரு முகம் அமைந்ததில்லை.

அப்புறம்தான் தட்டு மாற்றினார்கள். ஒரு பக்கம் பங்காரு, இன்னொரு பக்கம் விஷ்ணுவின் அண்ணன். வெற்றிலை பாக்கு, மஞ்சள் தடவிய காகிதம். ஐயர் மோகனப்ரியா பெயரையும் விஷ்ணு பெயரையும் சேர்த்து வாசித்தார். மஞ்சள் நீராட்டுக்கு யார் தட்டு மாற்றுகிறார்கள்? இது நிச்சயதார்த்தம் என்று தணிகைமணிக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் கை இறங்கவில்லை. எத்தனை வருஷப் பழக்கம், மனசு நின்றாலும் கை நிற்காது. மோகனப்ரியாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. அவன் கேமரா தானாகத் திரும்பிப் பழத்தட்டைப் பார்த்தது.

முடிந்ததும் பங்காருவை வாசல் பக்கம் தனியாகப் பிடித்தான்.

"அண்ணே, பொண்ணு ஒம்போதாவதுதானே படிக்குது?"

"இன்னா சார், இப்பவேவா கட்டிக் குடுக்கறோம்? பேசி வெக்கறோம், அவ்ளோதான். பத்தாவது முடிக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

மோகனப்ரியாவின் அம்மா சுதா பாயச டம்ளரோடு வந்தாள். "என் தம்பி சார் அது. எங்கம்மா போனப்ப இடுப்புல தூக்கிக்கினு நாந்தான் வளத்தேன். என் பொண்ண வெளிய எவனுக்கோ குடுத்துட்டு, இவனுக்கு வேற எவளையோ கட்டி வெக்கறதா? நீங்களே சொல்லுங்க." அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம். கெட்டவர்கள் இல்லை, அதுதான் கஷ்டம். கெட்டவர்களாக இருந்திருந்தால் அவன் அந்தப் பாயசத்தைக் குடித்திருக்கமாட்டான். குடித்தான். இலையில் உட்கார்ந்து சாப்பிட்டும் விட்டான். பத்தாவதுக்கு இன்னும் காலம் இருக்கிறதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

அதற்கப்புறம் மோகனப்ரியா சில நாள் பள்ளிக்கு வரவில்லை. கதிரவனையும் சினேகாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு தணிகைமணி வீடியோவை வெட்டினான். தட்டு மாற்றுகிற இடத்தில் யாரோ ஒரு பெரியவர் குறுக்கே வந்து, பாதி நேரம் முதுகுதான் தெரிந்தது. வெட்டினான். அழுகை விழுந்த இடம், வெட்டினான். ஐயர் வாசித்தது இரைச்சல், அதன்மேல் நாதஸ்வரம். பெண் சிரித்த இடத்தை மட்டும் மெதுவாக ஓடவிட்டு, கடைசியில் ஒருமுறை திரும்பவும் வைத்தான். முகப்பில் தங்க நிற எழுத்தில் "எங்க வீட்டு மாமன் சீர்" என்று போட்டான். அவனுக்கு மனசு சரியில்லை என்பது உண்மை. மனசு சரியில்லாத அன்றைக்குக்கூட வேலை சுத்தமாக இருந்தது என்பதும் உண்மை. அடுத்த குரூப் போனுக்குக் காத்திருந்தது. மற்றதையெல்லாம் அழித்தான்.

வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் வீடியோ போனதும் பெற்றோர்கள் பூவும் கும்பிடுமாக அனுப்பித் தள்ளினார்கள். சடகோபன் அதையே போட்டிக்கு அனுப்பிவிட்டார்.

மோகனப்ரியா வந்தாள். கம்ப்யூட்டர் அறையில் வீடியோவை ஒருமுறை பார்த்தாள். முகம் மாறவே இல்லை.

"சார், தட்டு மாத்தினது எங்க?"

"ஒருத்தர் குறுக்க நின்னுட்டாரும்மா. ஒண்ணும் தெரியல. எடுத்துட்டேன்."

"நான் அழுதுகினு இருந்தேனே?"

அவன் மவுஸை நகர்த்தி வீடியோவை மூடினான்.

"முழுசா எடுத்தது இருக்கும்ல சார்? அது போதும்."

"அழிச்சிட்டேம்மா."

அவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அதுக்குத்தான் சார் உங்கள வரச் சொன்னேன். வாயால சொல்ல எனக்கு பயமா இருந்துச்சு. வீடியோவுல இருந்தா, நாளைக்கு நான் யாருகிட்டயாவது காட்டி, பாருங்க, இப்படிப் பண்றாங்கன்னு சொல்லலாம்ல. நீங்களே பாத்தா நீங்களே எதனா பண்ணுவீங்கன்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தி, "நான் படிக்கணும் சார்" என்றாள். அவ்வளவுதான் அவள் கேட்டது. வேறொன்றும் இல்லை.

அன்று மாலை அவன் அம்சாவிடம் சொன்னான். அம்சா தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "வேண்டாம்யா. ஊர் வம்ப வெலைக்கு வாங்காத. ஒனக்கு இருக்கறது தற்காலிக வேல" என்றாள். பிறகு அவளே, "பொண்ணு கேட்டுச்சா? அதுவே வாயத் தொறந்து கேட்டுச்சா?" என்றாள். "ஆங்" என்றான். அவள் அவன் போனை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். குழந்தைகளுக்கான இலவச உதவி எண்ணுக்கு அவன் அழைத்தான். தன் பெயரையும் மறைக்காமல் சொன்னான். இந்த ஒரு காரியத்துக்காகவாவது அவனைக் கொஞ்சம் மதிக்க வேண்டும்.

குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். படபடப்பில்லாத, பொறுமையான மனுஷி. முதலில் பள்ளியில் மோகனப்ரியாவைத் தனியாக வைத்துப் பேசினார். அப்புறம் தணிகைமணியிடம் கேட்டார். அவன் பார்த்ததையெல்லாம் சொன்னான். கதிரவனையும் சினேகாவையும் கேட்கலாம் என்றபோது, அவர்கள் வீட்டிலிருந்து அதற்குள் ஆள் வந்துவிட்டது: எங்கள் பிள்ளைகளை இதில் இழுக்காதீர்கள். சடகோபன் தன் அறையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். "மணி, நான் உங்கள வீடியோ எடுக்கத்தானே சொன்னேன்?" என்று மட்டும் கேட்டார்.

அந்த அம்மா பங்காரு வீட்டுக்குக் கிளம்பினார். "நானும் வர்றேன் மேடம்" என்றான் தணிகைமணி. யாரும் அவனைக் கூப்பிடவில்லை. நேருக்கு நேர் நின்று சொன்னால் நம்புவார்கள் என்று நினைத்தான்.

பங்காரு தறியை நிறுத்திவிட்டு வந்தார். அக்கம்பக்கத்துச் சனம் வாசலில் கூடிவிட்டது. சுதா மட்டும் பதறாமல் பதில் சொன்னாள். "மஞ்ச தண்ணி விசேஷம்ங்க மேடம். பொண்ணு ஏழாவது படிக்கறப்பவே வயசுக்கு வந்துச்சு. அப்ப தலைக்குத் தண்ணி ஊத்தினதோட சரி. கையில வசதி இல்ல. இப்பத்தான் எங்க தம்பி சீர் செஞ்சான். சொந்தத் தாய்மாமன் செய்யாம வேற யாரு செய்வாங்க?" இப்படித் தள்ளிப்போட்டுச் செய்கிற வீடுகள் இந்த ஊரில் எத்தனையோ உண்டு. அந்த அம்மாவுக்கும் அது தெரியும். "வேணும்னா பாத்துக்குங்க" என்று பங்காரு போனைத் தேய்த்தார். வீடியோ பெரிய டிவியில் ஓட ஆரம்பித்தது.

தங்க நிற எழுத்து வந்தது. எங்க வீட்டு மாமன் சீர். மாமன் தட்டோடு வந்தான். மாமன் மாலை போட்டான். நாதஸ்வரம் வாசித்தது. வெளிச்சத்தில் மோகனப்ரியா தலை நிமிர்ந்து சிரித்தாள், மெதுவாக, அழகாக. வாசலில் நின்ற ஒருத்தி "எப்படி இருக்குது பாரு கொழந்த" என்றாள்.

"இது நீங்க எடுத்ததுதானா சார்?" என்று கேட்டார் அந்த அம்மா.

"ஆமாங்க மேடம்."

"தட்டு மாத்தினாங்கன்னு சொன்னீங்களே, அது எங்க?"

"இருந்துச்சு மேடம். நான் வெட்டிட்டேன்."

"ஏன் வெட்டினீங்க?"

"குறுக்க ஒருத்தரு நின்னாரு. முதுகுதான் விழுந்துச்சு." சொல்லும்போதே அது எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது.

"அந்தப் பொண்ணு அழுதுச்சுன்னீங்க."

"அழுதுச்சு மேடம். அதையும் எடுத்துட்டேன். நான் எப்பவும் அப்படித்தான், அழுகைய வெக்கமாட்டேன்."

வாசலில் யாரோ சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. மோகனப்ரியாவைப் பார்த்து, "நீ சொல்லும்மா, பள்ளிக்கூடத்துல என்கிட்ட சொன்னியே" என்றார். அவள் அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். டிவியில் அவளே சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் வாயைத் திறக்கவில்லை. நாதஸ்வரம் முடிந்து வீடியோ மறுபடி முதலிலிருந்து ஓட ஆரம்பித்தது, யாரும் நிறுத்தவில்லை.

அந்த அம்மா தன்னால் முடிந்ததைச் செய்தார். பதினெட்டு வயதுக்கு முன்னால் கட்டிக்கொடுக்க மாட்டோம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். சட்டம் என்னவென்று பங்காருவுக்கு உறைக்கிற மாதிரிச் சொன்னார். மோகனப்ரியாவின் கையில் தன் நம்பரைக் கொடுத்தார். படியிறங்கும்போது தணிகைமணியிடம், "நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் நெனக்கல சார். ஆனா உங்க வீடியோவ வெச்சு நான் ஒண்ணும் பண்ண முடியாது. அவங்களாலதான் பண்ண முடியுது" என்றார். பங்காரு கத்தவில்லை, சண்டைக்கு வரவில்லை. "உங்கள வூட்டுக்குள்ள விட்டு, எல போட்டு சோறு போட்டோம் சார்" என்றார். அடித்திருந்தால் தேவலை என்று இருந்தது தணிகைமணிக்கு.

மறுநாளிலிருந்து மோகனப்ரியா பள்ளிக்கு வரவில்லை. ஆபீஸ், கையெழுத்து என்று ஆன பிறகு பத்தாவது வரைக்கும் எவன் காத்திருப்பான்? தணிகைமணி வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவளுக்கு இன்னும் ஒரு வருஷம் படிப்பாவது மிஞ்சியிருக்கும். ஊரில் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். அதில் உண்மை இல்லை என்று அவனால் சொல்ல முடியவில்லை. ஒருநாள் சினேகா பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, யாருக்கும் கேட்காமல், "சார், ஆந்திரா பக்கம் ஏதோ கோயில்ல வெச்சு முடிச்சிட்டாங்களாம்" என்றாள்.

அவன் மறுபடி அந்த எண்ணுக்கு அழைத்தான். எந்த ஊர், எந்தக் கோயில், என்றைக்கு என்று கேட்டார்கள். அவனுக்கு ஒன்றும் தெரியாது. அந்த அம்மா திரும்ப வந்து பார்த்தபோது வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. பெண்ணைச் சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படிக்க அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். அண்டை அயலும் ஆமாம் என்றது. நகரிக்கு இங்கிருந்து பஸ்ஸில் ஏறினால் ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடும். ஆனால் எல்லை தாண்டிய பெண்ணைத் தேட இங்கிருந்து ஒரு காகிதம் போய்ச் சேர்வதற்குள் என்னவெல்லாமோ நடந்துவிடுகிறது. தணிகைமணி ஒரு ஞாயிற்றுக்கிழமை நகரிக்குப் போய், தறிச் சத்தம் கேட்கிற தெருக்களில் வெயிலில் சுற்றிவிட்டு வந்தான். எந்த வீடு என்று தெரியவில்லை. தெரிந்திருந்தால் மட்டும் போய் என்ன சொல்லியிருப்பான் என்பதும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தவனுக்கு அம்சா சோற்றைப் போட்டு வைத்தாள்.

வகுப்பில் வெட்டுவதைச் சொல்லிக்கொடுப்பதை மட்டும் நிறுத்திவிட்டான். பிள்ளைகள் எடுத்தது எப்படியோ அப்படியே இருக்கட்டும் என்றான். ஆடட்டும், இருட்டடிக்கட்டும். எதையும் அழிக்கக் கூடாது என்றான். போன் நிரம்பினால் வீட்டிலிருந்து தன்னுடைய பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்து அதில் ஏற்றினான். இந்த வீடியோக்கள் பார்க்கச் சகிக்கவில்லை என்று சடகோபன் குறைப்பட்டுக்கொண்டார். தணிகைமணி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அரையாண்டுப் பரீட்சை நெருங்கும் சமயத்தில் சுதா டிசி வாங்க வந்தாள். ஆந்திராவில் சேர்க்கிறார்களாம். கூடவே மோகனப்ரியா. அம்மா சடகோபன் அறைக்குள் போனதும் அவள் கம்ப்யூட்டர் அறை வாசலில் வந்து நின்றாள். துப்பட்டாவைக் கழுத்து மறைய இழுத்துப் பிடித்திருந்தாள். உள்ளே பிள்ளைகள் போனை வைத்துக்கொண்டு சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். தணிகைமணி எழுந்து வெளியே வந்தான்.

"நல்லாருக்கியாம்மா?" என்றான். வேறு என்ன கேட்பது என்று தெரியாமல்தான் கேட்டான்.

"ஆங்."

"ஸ்கூலுக்கு அனுப்பறாங்களா?"

"அனுப்பறேன்னுதான் சொல்றாங்க." அவள் உள்ளே பிள்ளைகளை எட்டிப் பார்த்தாள். யார் யார் கையில் போன் இருக்கிறது, எப்படிப் பிடித்திருக்கிறார்கள் என்று அவள் கண் தேடிற்று.

"அந்த வீடியோவ நான் எல்லாத்துலேருந்தும் எடுத்துடறேம்மா" என்றான் அவன். "போட்டிக்குப் போனதையும் வேண்டாம்னு எழுதிப் போடறேன். என்கிட்ட இருக்கறத இப்பவே அழிச்சிடறேன். உங்கிட்ட நான் பண்ணினது…"

"நீங்க அழிச்சா இன்னா சார். எங்க வூட்டு டிவில இருக்குதே."

அழிக்க எடுத்த போனை அவன் மறுபடி சட்டைப் பைக்குள் போட்டான்.

"ஊருக்கு வந்தா நான் திரும்பிப் போவமாட்டேன்னு அழுவேன் சார். அழுதா எங்கம்மா அதப் போடுது. எதிர்ல உக்கார வெக்குது. 'இங்க பாருடி, எப்படி சிரிக்கிற. ஒனக்குப் புடிச்சுத்தானே இருந்துச்சு, இப்ப இன்னா வந்துச்சு'ன்னு கேக்குது." அவள் குரல் உயரவே இல்லை. "நான் சார் சொன்னாருன்னு சிரிச்சேன்னு சொன்னேன். நம்பல. வர்றப்பல்லாம் அதயே பாத்துகினு இருக்கறேன்ல சார், எனக்கே இப்ப நல்லா ஞாபகம் வரமாட்டேங்குது. அன்னிக்கு நான் அழுதேன்தானே சார்?"

"அழுதம்மா" என்றான் தணிகைமணி. "நான் பாத்தேன். நீ அழுத."

அவள் தலையாட்டினாள். சுதா காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவனைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கி, பிறகு பழையபடி கையெடுத்துக் கும்பிட்டாள். "நடந்தத மனசுல வெச்சிக்காதீங்க சார். ஒண்ணு மட்டும் சொல்லணும், நல்லா எடுத்துக் குடுத்தீங்க. எம்பொண்ண அப்படி யாரும் எடுத்ததில்ல" என்றாள். மனசாரத்தான் சொன்னாள். மகளின் தோளில் கையைப் போட்டு, நகரி பஸ் போய்விடும் என்று அவசரமாகக் கூட்டிக்கொண்டு போனாள்.